ஒட்டுக்கடைசல்: ஒரு சொல் விளக்கம்

ரிட்டயர் ஆனபிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்பவர்களிடம் 'செக்மென்டட் வுட்டர்னிங்' என்றால் முழிக்கிறார்கள். சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒட்டி, அதைக் கடைந்து கிண்ணம் மாதிரிச் சாமான் செய்கிற வேலை அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பிரிக்கப்பட்ட மரம் திருப்புதல்' என்றாகும், ஏதோ மர லாரியை வழிமறித்துத் திருப்பி அனுப்புகிற மாதிரி.

மரத்தைச் சுழலவிட்டு உளி கொடுத்து உருட்டி எடுப்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கடைதல். லேத் என்பது கடைசல் எந்திரம், 'கடைசல் பிடித்த கட்டில் கால்' என்று தச்சர்கள் சொல்வதும் இதைத்தான். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் கடைசல் வேலைதான். தயிர் கடைவதும் கீரை கடைவதும் இதே வினை. காரணம் என் ஊகம்தான், ஆனால் கயிற்றால் ஓடிய பழைய கடைசலை நினைத்தால் பொருந்துகிறது: ஒருவர் கயிற்றை மத்துக்கயிறு போல மாறிமாறி இழுப்பார், மரம் முன்னும் பின்னும் சுற்றும், உளிக்காரர் மரம் தன் பக்கம் சுற்றி வரும்போது மட்டும் சீவுவார். ஆங்கிலத்தில் கதை வேறு. லத்தீனில் 'டோர்னஸ்' என்றாலே கடைசல் கருவி, அதிலிருந்து வந்த 'டர்ன்' அப்புறம் எல்லாத் திரும்பலுக்கும் பொதுவாகிவிட்டது.

சரி, செக்மென்ட்? பள்ளிக் கணக்கில் படித்த 'வட்டத்துண்டு' இங்கே ஆகாது, அது நாணும் வில்லும் சேர்ந்த வடிவம். நாம் அறுப்பது சரிவகத் துண்டு. 12 துண்டை ஒட்டி ஒரு வளையம் செய்ய ஒவ்வொரு முனையையும் 15 பாகையில் அறுக்க வேண்டும். முனைகள் 24, எல்லாவற்றிலும் 0.1 பாகை ஒரே பக்கம் தப்பினால் மொத்தம் 2.4 பாகை, கடைசித் துண்டு உட்காராமல் வெளிச்சம் தெரியும். என் முதல் வளையத்தில் விரல் நகமே நுழைந்தது. வளையங்களைச் செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாற்றி அடுக்கி ஒட்டி, பசை காய்ந்தபிறகுதான் எந்திரத்தில் ஏற்றிக் கடைவது. மஞ்சள் பலாவும் கறுத்த தோதகத்தியும் மாறிமாறி வைத்தால் கிண்ணத்துக்குச் சாயமே வேண்டாம்.

ஆங்கிலப் பெயர் துண்டாக்குவதைச் சொல்கிறது, பாதி நாள் தின்பதோ ஒட்டுகிற வேலை. ஒட்டுப்பலகை, ஒட்டுமாங்காய் என்று ஏற்கெனவே புழங்குகிறோமே, அந்த வரிசையில் ஒட்டுக்கடைசல் என்றே சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன், உடனே புரிந்தது. தன் வீட்டு ஊஞ்சல் பலகை விட்டுப்போயிருக்கிறது, ஒட்டித் தர முடியுமா என்றார்.