பதினொரு வருஷம் ஒன்றும் செய்யாத ரெசின்

மட்டக்குளியில் எபொக்சி தரை போடும் அண்ணன் ஒருவரின் கையைப் போன மாதம் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் குட்டிக் கொப்புளங்கள். புறங்கைத் தோல் வெடித்து நீர் கசிந்தது. கண் இமைகளும் தடித்திருந்தன. “தம்பி, பதினொரு வருஷமா இதே ரெசினைத்தான் கலக்கிறன். ஒண்டும் செய்யேல்ல. இப்ப மட்டும் ஏன்?” என்றார்.

நியாயமான கேள்வி. இது ரெசினால் வந்த தோல் ஒவ்வாமை. எபொக்சி ரெசினும், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் தனித்தனி டப்பாக்களில் வரும். கலந்தால் சின்ன மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துப் பெரிய வலையாக இறுகும். நன்றாக இறுகிய தரையில் வெறுங்காலோடு நடக்கலாம். சிக்கல் அதற்கு முன்னால்தான். அதிகம் புழங்கும் எபொக்சி மூலக்கூறின் எடை சுமார் 340 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு). 500 டால்டனுக்குக் குறைந்தவை தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போய்விடும்.

இவ்வளவு சின்னப் பொருளை உடம்பு தனியாகக் கண்டுகொள்ளாது. ஆனால் எபொக்சியின் இரு முனைகளிலும் ஒரு முக்கோண வளையம் இருக்கிறது. அது எளிதில் உடைந்து, நம் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது நம் புரதமே அந்நியமாகத் தெரியும். தோலில் காவலுக்கு இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் (1868இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் மாணவராக இருக்கும்போதே கண்டவை) அதை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போகும். அங்கே அதை அடையாளம் தெரிந்த டி செல்கள் (உடம்பின் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) பெருகும். இதற்குப் பத்து நாள், இரண்டு கிழமை ஆகலாம். வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. இது முதல் மாதத்திலும் நடக்கலாம், பதினோராவது வருஷத்திலும் நடக்கலாம்.

அப்புறம் ரெசின் பட்டால் அந்த டி செல்கள் தோலுக்கு வந்து அழற்சியைக் கிளப்பும். அதுவும் உடனே இல்லை, ஓரிரு நாள் கழித்து. திங்கட்கிழமை பட்டது புதன்கிழமைதான் கடிக்கும். அதனால்தான் அண்ணன் முதலில் செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட இறாலைச் சந்தேகப்பட்டார்.

ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் அவர் முதுகில் ஒவ்வாமை தரக்கூடிய பல பொருள்களைத் துளித்துளியாக ஒட்டினார்கள். அதில் ஒன்று வாசலினில் கலந்த 1 சதவீத எபொக்சி. 48 மணிநேரம் கழித்து எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்த்தார்கள். எபொக்சி வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. கிறீம் பூசினால் புண் ஆறும். ஆனால் டி செல்களின் ஞாபகம் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது.

எனக்கு வயிறெரிவது பெயின்ட் கரைக்கும் தின்னரை நினைத்துத்தான். வேலை முடிந்ததும் அதில் கை கழுவினால் தோலின் கொழுப்பு கரைந்து, ரெசினுக்கு வழி இன்னும் திறக்கும். மெல்லிய லேட்டக்ஸ் கையுறையும் காப்பாற்றாது, ரெசின் அதை ஊடுருவிவிடும். நைட்ரைல் பரவாயில்லை, அதையும் ரெசின் பட்டதும் மாற்ற வேண்டும். கையில் பட்டால் துணியால் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அண்ணனின் தளத்தில் அதற்கு ஒரு குழாய்கூட இல்லை, தின்னர் கேன்தான் இருக்கிறது.