சொல் விளக்கம்: மூன்றாம் தரப்பு இடையீடு

'மூன்றாம் தரப்புத் தலையீடு' என்று படித்ததும், யாரோ தனக்கு வேண்டாத வேலையில் மூக்கை நுழைக்கிறார் என்றே தோன்றும். பன்னாட்டு மனித உரிமை நீதிமன்றங்களில் இதன் பொருள் வேறு. வழக்குத் தொடுத்தவரும் எதிர்த்தரப்பு அரசும் அல்லாத ஒரு நாடோ, தொண்டு அமைப்போ, அறிஞர் குழுவோ வழக்கைப் பற்றித் தன் கருத்தை எழுதிக் கொடுப்பது.

தலையீடு என்று பெயர்க்கப்படும் ஆங்கிலச் சொல்லான 'இன்டர்வென்ஷன்' இலத்தீனிலிருந்து வந்தது: 'இன்டர்' என்றால் இடையே, 'வெனிரே' என்றால் வருதல். ஆகவே 'இடையீடு' கச்சிதம். 'இடையீட்டு மனு' நாளிதழ்களில் ஏற்கெனவே புழங்குகிறது. இடையீடு என்பதற்குத் தடை என்ற பழைய பொருளும் உண்டுதான் ('இடையீடின்றி' என்கிறோமே). ஆனாலும் தலையீட்டைவிட இது மேல்.

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. மனுதாரர் வேறொரு உறுப்பு நாட்டின் குடிமகன் என்றால், அந்த நாட்டுக்கு இது உரிமை. மற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத் தலைவரின் அனுமதியைப் பெற வேண்டும்.

இதனால் தீர்ப்பு மாறுமா? பாலினம் மாறியவர்களின் பிறப்புச் சான்றிதழ் பற்றிய வழக்குகளைப் பாருங்கள். 1998இல் 'லிபர்ட்டி' என்ற பிரிட்டன் அமைப்பு ஓர் ஒப்பாய்வைக் கொடுத்தது: ஆராய்ந்த 37 நாடுகளில் சான்றிதழைத் திருத்த மறுப்பவை நான்கே, அவற்றில் ஒன்று பிரிட்டன். அப்போது நீதிபதிகளின் வாக்கில் 11க்கு 9 என்ற கணக்கில் மனுதாரர்கள் தோற்றார்கள். 2002இல் குட்வின் வழக்கில் அதே அமைப்பு ஆய்வைப் புதுப்பித்துக் கொண்டுவந்தது. நீதிமன்றம் அந்த ஆய்வை எடுத்துக்காட்டி, உலகப் போக்கு மாறிவருவது தெளிவு என்று கூறி, பிரிட்டன் உரிமையை மீறியதாக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் தாமே திரட்ட நேரமில்லாத தகவலை வெளியாள் திரட்டித் தந்தார். இடையீட்டின் உண்மையான பலம் இதுதான் என்பேன்.

எப்போதும் பலிக்காது. 2008இல் இத்தாலிக்கு எதிரான சாதி வழக்கில் ('சாதி' என்பது மனுதாரர் பெயர்), நாடுகடத்தப்படுபவர் சித்திரவதைக்கு ஆளாகும் அபாயத்தைத் தேசப் பாதுகாப்போடு சேர்த்து எடைபோட வேண்டும் என்று இடையீட்டாளராக வந்த பிரிட்டன் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

இப்படி வெளியிலிருந்து கருத்துக் கொடுப்பவருக்கு 'அமிக்கஸ் கியூரியே' என்ற இலத்தீன் பெயரும் உண்டு; சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நீதிமன்றத்தின் நண்பர்'. அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் இந்தப் பெயரையே வைத்திருக்கிறது. வழக்கோடு தொடர்பில்லாதவரும் அங்கே எழுதிக் கொடுக்கலாம்; அவருக்கு 'நண்பர்' பொருந்தும். ஆனால் ஐரோப்பிய நீதிமன்றத்தில், இத்தாலிய வகுப்பறைகளில் சிலுவை மாட்டுவது பற்றிய லவுட்ஸி வழக்கில் பத்து நாடுகள் இத்தாலிக்கு ஆதரவாக வந்தன. 2009இல் இத்தாலிக்கு எதிராக வந்த தீர்ப்பு, 2011இல் 15க்கு 2 என்று தலைகீழானது. அந்த நாடுகளால்தான் மாறியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தங்கள் வழக்கத்தையும் காக்க வந்த அவற்றை நீதிமன்றத்தின் நண்பர்கள் என்று எப்படி எழுதுவது? இடையீட்டாளர்கள் என்று எழுதினால் பொய் இருக்காது.