புளூஸ் என்ற சொல்லும் ‘நீல இசை’ என்ற கூத்தும்

முதல் தடவை அதை ஓர் அழைப்பிதழில் பார்த்தேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடந்த நிகழ்ச்சி. மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் புளூஸ் மாலை, தமிழில் ‘நீல இசை மாலை’ என்று இருந்தது. சரி, யாரோ அவசரத்தில் எழுதியது என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தின் அடியில் ஓடிய எழுத்தில் வந்தது. மூன்றாம் தடவை போன போயா தினத்தன்று, பௌர்ணமி விடுமுறையில். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் பார்த்த ஒரு மாடிவீட்டு பல்கனியில் பழைய கூட்டாளிகள் நான்கு பேர் இருந்தோம். போயாவில் சாராயக் கடை பூட்டு என்பதால் முதல்நாளே வாங்கிவைத்திருந்தது மேசையில் இருந்தது. வானொலியில் ஓர் அறிவிப்பாளர் குரலைக் கனமாக்கிக்கொண்டு, “நீல இசையின் மன்னர் பி. பி. கிங்” என்றார்.

வீட்டுக்காரன் கிளாஸைக் கீழே வைத்தான். “என்ன மச்சான், நீல இசையோ? குடும்பத்தோடை இருந்து கேக்கலாமோ?”

சிரித்து முடிய ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆனால் எனக்குச் சிரிப்போடு எரிச்சலும் வந்தது. அந்த எரிச்சல்தான் இந்தக் கட்டுரை.

சொல்லின் கதை பெரிதில்லை. ஆங்கிலத்தில் ‘புளூ டெவில்ஸ்’ என்று ஒருவகைப் பேய்களைச் சொல்வார்கள். மனச்சோர்வு வந்தவனைப் பிடித்திருப்பதும் அது, குடி மிஞ்சியவன் கண்ணுக்குத் தெரிவதும் அது. 1798இல் அந்தப் பெயரில் ஒரு கேலி நாடகமே வந்தது. நாளடைவில் பேய் உதிர்ந்து பன்மை விகுதி மட்டும் மிஞ்சியது: புளூஸ். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் பருத்தி வயலிலும் தண்டவாள வேலையிலும் சிறையிலும் பாடியவற்றிலிருந்து ஊறிய பாட்டுக்கு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. 1912இல் டபிள்யூ. சி. ஹாண்டி ‘மெம்பிஸ் புளூஸ்’ என்ற இசையை அச்சில் கொண்டுவந்தார். 1920இல் மேமி ஸ்மித்தின் ‘கிரேசி புளூஸ்’ இசைத்தட்டு அமோகமாக விற்றது. பிறகு அது ஓர் இசைவகையின் பெயராக ஊர் சுற்றியது. அவ்வளவுதான். பாட்டுக்குப் பெயராக வருவதற்கு முன்பே சொல்லிலிருந்து நிறம் கழன்றுவிட்டது. பேயை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டவர் நம்முடைய மொழிபெயர்ப்பாளர்.

இனி அந்த நீலத்துக்கு வருவோம். தமிழில் முகம் கறுக்கும், கண் சிவக்கும், பயத்தில் ஆள் வெளிறுவான், பொய் பச்சையாக இருக்கும். நீலம் எங்கே வருகிறது? நஞ்சு ஏறிய உடம்பு நீலம் பாரிக்கும். நஞ்சுண்ட கடவுள் நீலகண்டன். மேகம்போல மேனி இருந்தால் அது கண்ணன். பி. பி. கிங்கின் பெயரில் உள்ள இரண்டு ‘பி’யும் ‘புளூஸ் போய்’ என்பதன் சுருக்கம், 1940களின் கடைசியில் மெம்பிஸ் வானொலியில் வேலை பார்த்தபோது ஒட்டியது. நம் அறிவிப்பாளரின் முறைப்படி அதைப் பெயர்த்தால் ‘நீலப் பையன்’. மிசிசிப்பியில் பிறந்த மனிதரைக் கோகுலத்தில் கொண்டுபோய் விட்டாயிற்று.

அப்புறம் நீலாம்பரி. அது தாலாட்டுக்குப் பேர்போன இராகம், பிள்ளையைத் தூங்கவைப்பது. நீலப்படம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதுவும் ஆங்கிலத்திலிருந்து நிறத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான். ஆனால் வந்து, ஊன்றி, இடத்தைப் பிடித்துவிட்டது. இன்று ‘நீல’ என்ற அடைமொழியைக் கலைக்கு முன்னால் போட்டால் தமிழன் காதில் முதலில் விழுவது அதுதான். அழுகைக்கும் நீலத்துக்கும் எனக்குத் தெரிந்த ஒரே உறவு நீலிக்கண்ணீர். பழையனூர் நீலி வடித்த பொய்க்கண்ணீர். உள்ளதை உள்ளபடி சொல்லும் பாட்டுக்குப் பொய்யழுகையை நினைவூட்டும் பெயரா?

இதை நான் அங்கேயே சொன்னேன். சொன்னது பிழையாகப் போயிற்று, ஏனென்றால் எங்களில் ஒருவர் தமிழ் வாத்தியார். ஓய்வுபெற்றும் ஓயாதவர்.

“ஒரே உறவோ? நெய்தல் எங்கை போச்சு?” என்றார்.

அதிலிருந்து ஒரு மணித்தியாலம். நெய்தல் நீலப் பூ. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். ஆகவே நீலமும் துயரமும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழில் கைகோத்துவிட்டன. புறநானூற்றில் சாவீட்டில் ஒலிக்கும் பறைக்கே நெய்தல் என்றுதான் பெயர். போதாக்குறைக்கு, 1986இல் இந்த நாட்டின் தேசிய மலராக அறிவித்த நீலோற்பலமும் அந்த இனம்தான். “நீல இசை பிழை. நெய்தலிசை எண்டு சொல்லும். நிறமும் வரும், துக்கமும் வரும், தமிழும் வரும்.” கீழே மரைன் டிரைவுக்கு அப்பால் கடல் வேறு அவருக்குச் சாட்சி சொல்வதுபோல இரைந்துகொண்டிருந்தது.

ஒப்புக்கொள்கிறேன், அழகான சொல். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். அழகு வேறு, பொருத்தம் வேறு. இன்று நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த மக்களும். ‘நெய்தலிசை விழா’ என்று பதாகை கட்டினால் மீனவரின் அம்பாப் பாட்டு கேட்கத்தான் சனம் வரும், கேட்காமல் திரும்பிப்போகும். மிசிசிப்பி டெல்டா பருத்தி விளைந்த சமவெளி, கடலுக்குத் தூரம். அதைவிட முக்கியமானது, நெய்தலின் இரக்கம் காத்திருப்பவளின் இரக்கம். போனவன் வரவில்லை, பொழுது சாய்கிறது, அலை ஓயவில்லை. புளூஸ்காரன் காத்திருப்பதில்லை. அவன் கோபப்படுவான், வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுவான், முதலாளியை நக்கலடிப்பான், தன் பெருமையை அவிழ்த்துவிடுவான், காலையில் ரயில் ஏறிவிடுவான். கபிலரும் நக்கீரரும் இந்தச் சங்கதியில் தலையிட இடமில்லை. வாத்தியார் இன்னும் சமாதானமாகவில்லை.

‘சோககீதம்’ என்று எழுதுகிறவர்களோடு இவ்வளவு வாதம் தேவையில்லை. சோககீதம் என்றால் நமக்குக் கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டு போகும் காட்சி. புளூஸில் பாதி சிரிப்பு. ஆடுவதற்காகவே வாசித்த இசை அது. ஒப்பாரி கொஞ்சம் கிட்ட வரும், ஏசலும் எகத்தாளமும் அதிலும் உண்டு, ஆனால் ஒப்பாரிக்கு ஒரு பிணம் வேண்டும்.

புளூஸ் பாட்டின் கட்டுமானத்தைப் பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். பன்னிரண்டு தாளக்கட்டு ஒரு சுற்று. அதில் மூன்று வரி. முதல் வரி ஒரு முறைப்பாடு. இரண்டாம் வரி அதே முறைப்பாடு, அநேகமாக அதே சொற்களில். மூன்றாம் வரி அதை முடிக்கும், அல்லது கவிழ்க்கும்.

வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் புளூஸ் நேர்வழியில் வரவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ரொக் இசைக்குழுவைக் கேட்டோம். அந்தப் பெயரே புளூஸ்காரர் மடி வாட்டர்ஸின் 1950ஆம் ஆண்டு இசைத்தட்டிலிருந்து எடுத்தது என்று பிறகுதான் தெரிந்து, பேரனைப் பிடித்துப் பாட்டனிடம் போனோம். 77க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டிலிருந்து யாராவது ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தால் அது பத்து வீடு சுற்றும். அதற்குப் பிறகு கசெற் வந்தது, கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார்கள் வந்தன. அந்தப் பத்து வீட்டு இசைத்தட்டுகளில் பெரும்பங்கு கடைசியில் இவனிடம்தான் சேர்ந்தது. 83 கலவரத்தில் வீட்டோடு போய்விட்டது. இப்போது இருப்பது இரண்டாம் தடவை சேர்த்தது.

அந்தக் கதையை அவன் எப்போதும் ஒரே மாதிரித்தான் சொல்வான். அன்றும் சொன்னான்.

“எல்லாம் போச்சு மச்சான், ஒண்டும் மிஞ்சேல்லை.”

ஒரு மிடறு குடித்தான். கீழே பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் பல்கனிக் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை பொறுத்தான்.

“எல்லாம் போச்சு, ஒண்டும் மிஞ்சேல்லை.”

பிறகு என் பக்கம் திரும்பினான்.

“நல்ல காலம், உன்னட்டை இரவல் வாங்கின ரெண்டும் அதோடை போட்டுது. திருப்பித் தரத் தேவையில்லை.”

பன்னிரண்டு தாளக்கட்டும் முடிந்தது. இதற்குப் பெயர் சோகமா, நெய்தலா, நீலமா? வீட்டில் இதற்கு அங்கலாய்ப்பு என்பார்கள். ஒன்றையே இரண்டு தரம் சொல்வது, கேட்பதற்கு ஆள் வைத்துக்கொண்டு சொல்வது, ஏக்கமும் முறைப்பாடும் கலந்தது, கொஞ்சம் நடிப்பும் சேர்ந்தது. “கிழவி விடிஞ்சதிலையிருந்து அங்கலாய்ச்சுக்கொண்டு நிக்கிறா” என்கிறோமே, அந்தச் சொல். கௌரவமான சொல் இல்லை என்பார்கள். புளூஸும் கௌரவமான சொல்லாகப் பிறக்கவில்லை, பேயிலிருந்து வந்தது.

ஆகவே என் தீர்ப்பு: இசைவகையின் பெயர் புளூஸ். அப்படியே இருக்கட்டும். தமிழ்நாட்டில் ‘ப்ளூஸ்’ என்று மெய்யெழுத்தில் தொடங்குகிறார்கள், எனக்கு அது தொண்டையில் நிற்கிறது. விளக்கம் கேட்பவருக்கு ‘அங்கலாய்ப்புப் பாட்டு’ என்று சொல்லுங்கள். ஒருவருக்கு மனநிலையாகப் புளூஸ் வந்திருக்கிறது என்றால் “மனம் ஒருமாதிரிக் கிடக்கு” போதும், அதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

“புளூஸ் தமிழோ?” என்று வாத்தியார் கேட்டார். அவர் இருந்த கதிரையைக் காட்டினேன். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயன் விட்டுப்போனவை. பைலாவும் அவனுடையதுதான், அவன் மொழியில் ‘ஆடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. அதை யாராவது ‘ஆடலிசை’ என்று திருத்தியிருந்தால் கலியாண வீடுகளில் ஒரு கால் அசைந்திருக்குமா? நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடியதை நாங்கள் பொப்பிசை என்றோம், துள்ளிசை என்றும் சொன்னோம். துள்ளிசை நல்ல சொல், ஏனென்றால் பாட்டைக் கேட்டவன் வைத்த சொல். அகராதியைப் பார்த்து வைத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பி. பி. கிங் பற்றிய அதே நிகழ்ச்சியில் ‘புளூ நோட்’ என்பதை ‘நீலக் குறிப்பு’ என்றார்கள். ஏதோ பொலிஸ்காரர் மேலிடத்துக்கு அனுப்புவது போல. இசையில் அது சுரம். மூன்றாம், ஐந்தாம், ஏழாம் சுரங்களைச் சற்றுத் தாழ்த்தி, இழுத்து, வளைத்துப் பாடுவது. மூன்றாவதை எடுங்கள், அது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ நின்று தவிக்கும். பியானோவில் அதற்குக் கட்டை இல்லை, கிற்றார் தந்தியை விரலால் தள்ளினால்தான் வரும். நம் வீணைக்காரருக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. ‘குழைசுரம்’ என்று சொல்லலாம். இங்கே வாத்தியார் ஒரு நல்ல காரியம் செய்தார். காந்தாரத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர் கைக்கிளை என்று நினைவூட்டினார். ஒருதலைக் காதலுக்கும் அதுதானே பெயர். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அடுத்த பாட்டில் கிங் அந்தச் சுரத்தை வளைத்தபோது நான்கு பேரும் ஒரே நேரத்தில் “கைக்கிளை!” என்றோம்.

இந்த நோய் நீலத்தோடு நிற்கவில்லை. ‘கிளாசிக்’ என்று கண்டால் ‘செவ்வியல்’ என்று போட்டுவிடுகிறார்கள். 2004இல் இந்தியா தமிழைச் செம்மொழி என்று அறிவித்த பிறகு அந்தச் சொல்லுக்கு ஒரு மவுசு. ‘செவ்வியல் பொப் பாடல்கள்’ என்று நிகழ்ச்சிநிரலில் வாசித்தேன். செவ்வியல் என்றால் எங்களுக்குத் தியாகராசர், மேல்நாட்டாருக்கு மோட்சார்ட். நாங்கள் இருபது வயதில் கேட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு அதில் எங்கே அடங்கும்? ஆங்கிலத்தில் அங்கே அந்தச் சொல்லுக்கு ‘காலம் போயும் கேட்கலாம்’ என்பதற்குமேல் பொருள் இல்லை. மொழிபெயர்க்கிறவர் பாட்டைக் கேட்பதில்லை, அதுதான் வினை. சொல்லை மட்டும் மேசைக்கு அனுப்புகிறார்கள், அவரும் சொல்லை மட்டும் திருப்பி அனுப்புகிறார். டீசலில் ஓடும் ரயிலை இன்னும் புகையிரதம் என்று அறிவிக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை யாரிடம் போய் முறையிடுவது?

பதினொரு மணிக்கு எழும்பும்போது வீட்டுக்காரன் அலுமாரியைத் திறந்து கசெற் பெட்டிகளை அடுக்கினான். சப்பாத்துப் பெட்டிகள்தான். ஒவ்வொன்றிலும் நீல மையில் அவனுடைய கோணல் எழுத்து: ‘புளூஸ்’, ‘புளூஸ் 2’, ‘பைலா’, ‘இங்கிலிஸ் பழசு’. கடைசிப் பெட்டியை வாத்தியார் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “பழசு,” என்றார். “இது சரி.” பிறகு ‘புளூஸ்’ பெட்டியை எடுத்து, மை நீலமாகத்தான் இருக்கிறது என்று எனக்குக் காட்டினார்.