கிரிட்டிக்: ஒரு சொல்லும் அதற்குரிய தமிழும்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு மீன் வாங்க வருபவர்களுக்கு நடுவே கேமராவோடு வருபவர்களும் இருப்பார்கள். ஏலம் முடிந்து வெயில் ஏறியதும் தேநீர்க் கடையில் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்ப்பது வழக்கம். அங்கே புழங்கும் சொல்தான் 'கிரிட்டிக்' (critique). "அண்ணா, கொஞ்சம் கிரிட்டிக் சொல்லுங்கள்" என்று இளையவர் திரையை நீட்டுவார். மூத்தவர் "சூப்பர் தம்பி" என்பார். இல்லையென்றால் "சாய்ந்திருக்கிறது" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். அந்தச் சொல்லின் பொருளுக்கு இரண்டு பதிலுமே எட்டவில்லை.

'கிரிட்டிக்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் 'கிரினெய்ன்' என்ற கிரேக்க வினை. பிரித்தறிதல், தீர்மானித்தல் என்று அதற்குப் பொருள். இன்னும் பின்னால் போனால் சலித்தெடுத்தல் என்ற பொருளில் நிற்கிறது; லத்தீனில் சல்லடைக்கு வழங்கும் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். நெருக்கடியைக் குறிக்கும் 'கிரைசிஸ்', அளவுகோலைக் குறிக்கும் 'கிரைட்டீரியன்' இரண்டும் இதற்கு உடன்பிறப்புகள். ஆக, திட்டுவது இந்தச் சொல்லின் பிறவிக்குணம் அல்ல. நிற்பதையும் உதிர வேண்டியதையும் பிரித்துக் காட்டுவதே அதன் வேலை.

தமிழில் இதற்கு நாம் உடனே எடுத்து நீட்டுவது 'விமர்சனம்'. விமரிசனம் என்றும் எழுதுவார்கள். இது வடசொல், தொடுதல், தடவுதல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்து, ஒன்றை எண்ணிப் பார்த்தல், ஆராய்தல் என்று விரிந்தது. பிறப்பில் குறையே இல்லை, வளர்ந்த இடம்தான் சரியில்லை. ஓர் அரசியல் தலைவர் இன்னொருவரைக் 'கடுமையாக விமர்சித்தார்' என்று செய்தித்தாளில் படித்தால், அவர் எதையோ தடவிப் பார்த்து ஆராய்ந்தார் என்றா நினைக்கிறோம்? தாக்கினார் என்றுதான் புரிந்துகொள்கிறோம். திரைப்பட விமர்சனமோ படத்துக்கு மார்க் போடுகிற தீர்ப்பாகிவிட்டது. இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்துதான், முதல் கேமரா வாங்கிய ஒரு பையனின் படத்தின்மேல் போய் இறங்குகின்றன.

'ஃபீட்பேக்' அதைவிட மென்மையாக ஒலிப்பதால் பலர் அதற்குத் தாவியிருக்கிறார்கள். அது மின்சுற்றுகளைப் பற்றிய பேச்சில் பிறந்த சொல்: வெளியே வந்த சைகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்துவது. 'பின்னூட்டம்' அதற்குச் சரியான தமிழ்தான். ஆனால் "நன்றாக இருக்கிறது" என்பதும் பின்னூட்டம்தான் என்பதால், படம் எடுத்தவருக்கு அதில் கிடைப்பது குறைவு.

கல்விப்புலத்தில் நிலைபெற்ற சொல் 'திறனாய்வு'. திறன் என்பது ஆற்றல், தன்மை. ஆய்வு என்பது ஆய்தல். இந்த ஆய்தலை ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோமே தவிர, அது இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. கீரை ஆய்கிறோம், பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் புல்லையும் நீக்கித் தளிரை வைத்துக்கொள்கிறோம். கடலோரத்தில் மீனையும் ஆய்வார்கள். செதில், செவுள், குடல் போக எஞ்சுவதுதான் குழம்புக்கு. தொல்காப்பிய உரியியல் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் என்னும் நான்குக்கும் 'உள்ளதன் நுணுக்கம்' என்று பொருள் சொல்கிறது. முன்பு இருந்ததைவிட நுண்ணியதாக ஆவது. ஃ எழுத்துக்கு ஆய்தம் என்று பெயர் வந்ததற்கும் இந்தப் பொருளையே காரணம் காட்டுவதுண்டு. ஃபோட்டோ என்று எழுதும்போதே ஆய்தம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

'கன்ஸ்ட்ரக்டிவ்' என்ற அடைக்கு நாம் 'ஆக்கபூர்வமான' என்கிறோம். தமிழ் ஆக்கத்தோடு வடமொழிப் பூர்வத்தை ஒட்டிய சொல் அது. 'ஆக்கமான' என்றாலே போதும். ஆக்கத்துக்கு எதிர் கேடு. ஆக்கமும் கேடும் சொல்லால் வருவதால் சொல்லில் சோர்வு வராமல் காத்துக்கொள் என்கிறது குறள். சோறு ஆக்குவதும் இந்த ஆக்கம்தான். ஆய்ந்த பிறகே ஆக்க முடியும் என்ற வரிசை நம் அடுக்களைச் சொற்களிலேயே இருக்கும்போது, எதையும் ஆயாமல் 'ஆக்கபூர்வமாக' ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பது விந்தை.

ஒரு படத்தை ஆய்வது எப்படி இருக்கும்? காசிமேட்டு ஏலத்தையே எடுத்துக்கொள்வோம். சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கடலைப் பார்த்து நின்று எடுத்தால் வானம் செக்கச்செவேல் என்று விழும், கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகங்கள் கரிக்கட்டையாகும். "முகம் இருட்டு" என்பது குறை சொல்வது, அவ்வளவுதான். கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் ஒரு நடுச் சாம்பல் நிறத்துக்கு இழுக்கப் பார்க்கிறது. வானம் பளிச்சென்று இருப்பதால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கிவிடுகிறது என்று காரணத்தைச் சொன்னால் அது ஆய்வு. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உனக்கு வானம் வேண்டுமா, முகம் வேண்டுமா?" வானம்தான் வேண்டும் என்றால் அந்த இருட்டு குறையே இல்லை, நிழலுருவம். முகம் வேண்டும் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, ஒரு படி கூட்டலாம், அல்லது கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கலாம். எடுத்தவரின் நோக்கத்தைக் கேட்காமல் சொல்லும் கருத்து, பெரும்பாலும் சொல்பவர் எடுத்திருக்கக்கூடிய படத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் படத்தில் பின்னால் சாய்கின்றனவா? கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததன் விளைவு அது. பின்னே தள்ளி நின்று கேமராவை நேராகப் பிடித்தால் சரியாகும்.

அளவுகோல்களிலும் ஒரு கண் இருக்க வேண்டும். சட்டகத்தை மூன்றாகப் பிரிக்கும் விதியை 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் நிலக்காட்சி ஓவியங்களுக்காக எழுதி வைத்தார். எண்ணூரின் புகைபோக்கியை அந்தப் பிரிகோட்டில் வைக்காமல் நட்ட நடுவில் நிறுத்தி எடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். விதி மீறிவிட்டது என்று மட்டும் சொல்பவர் கிரைட்டீரியனை வைத்துக்கொண்டு கிரிட்டிக்கை விட்டுவிடுகிறார். எனக்கு இவர்களைவிட, படத்தில் இருப்பது ஃபைபர் படகு, தலைப்பில் ஏன் கட்டுமரம் என்று எழுதியிருக்கிறாய் என்று கேட்கும் மீனவர் மேலானவர். அவர் ஆய்ந்திருக்கிறார்.

கேட்பவருக்கும் ஆய்தல் உண்டு. ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால் ஐந்தையும் ஏற்க வேண்டாம். ஒரே இடத்தை மூன்று பேர் தொட்டால் அங்கே ஏதோ இருக்கிறது. "அங்கே இடம் இல்லை, கூட்டம் தள்ளியது" என்று படத்துக்கு வக்காலத்து வாங்குவது வீண். பார்ப்பவர் கண்ணில் படுவது அந்தக் கூட்டம் அல்ல, சட்டகம் மட்டுமே.

எழுதும்போது: கண்காட்சியையோ நூலையோ மதிப்பிட்டால் மதிப்புரை. ஒரு கலைஞரின் படைப்புகளை முழுதாக எடுத்துப் பேசினால் திறனாய்வு. இல்லாத குறையைத் தேடினால் நொட்டை சொல்வது. அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. தேநீர்க் கடையில் திரையை நீட்டும் தம்பிக்குப் பெயர்ச்சொல்லே தேவையில்லை, "ஆய்ந்து சொல்லுங்கள், அண்ணா" என்ற வினையே போதும். ஆங்கிலச் சொல்தான் வேண்டும் என்றால் கிரிட்டிக் என்றே இருக்கட்டும். 'கிரிட்டிசைஸ்' மட்டும் வேண்டாம், அது ஆங்கிலத்திலேயே குறை சொல்லும் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.