செதுக்குளியின் பிடி உங்கள் கைக்கு அளவானதா?

நகையிலும் வெள்ளித் தட்டிலும் கையால் பூவேலை செதுக்குகிறவர்கள், விரல்கள் மரத்துப்போன பிறகே புதுச்சேரியில் உள்ள எங்கள் இயன்முறை சிகிச்சைக் கூடத்துக்கு வருகிறார்கள். சென்ற வாரம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்தவருக்கு, வலது புறங்கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது. உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து மேட்டில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பளபளவென்று காய்ப்பு இருந்தது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையே ஒரு காகிதத்தை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தேன். கட்டைவிரலின் நுனிக்கணு மடங்கியதே தவிர, காகிதம் நிற்கவில்லை. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டதற்கு, "கை பழகிடும்னு விட்டுட்டேன் சார்" என்றார்.

தயவுசெய்து இந்த நம்பிக்கையைக் கைவிடுங்கள். அழுத்தத்துக்குப் பழகுவது தோல் மட்டுமே. அது தடித்துக் காய்ப்பாகித் தன்னைக் காத்துக்கொள்ளும். நரம்புக்கு அந்த வசதி கிடையாது. முதலில் வலித்த இடம் பிறகு வலிக்காமல் போனால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. வலியைச் சொல்லவேண்டிய நரம்பே செயலிழந்து வருகிறது என்றும் இருக்கலாம். காய்ப்பு விழுந்த கையைத் தொழில் தேர்ச்சியின் அடையாளமாகப் பெருமையோடு காட்டுகிறவர்களிடம், பிடி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உளியும் பிடியும் சேர்ந்த நீளம் மிகுந்தால், பிடியின் உருண்ட முனையான குமிழ் மணிக்கட்டை நோக்கிப் பின்வாங்கி, 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபெலிக்ஸ் குயோன் விவரித்த, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாக இருக்கும் இடுக்கின் மேல் அமர்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்வைத் தருவதும், கடலூர்க்காரருக்கு வற்றிய அந்தச் சதையை இயக்குவதுமான அல்நார் நரம்பு அதன் வழியாகத்தான் செல்கிறது. நீளம் குறைந்தாலோ, விரல்கள் சுருண்டு இறுக்கிப் பிடிக்க நேர்ந்து, கட்டைவிரலின் அடித் தசைநாண்கள் வீங்குகின்றன. எந்த விரல் மரத்தது என்று கேட்காமலேயே, கழுத்து நரம்புக் கோளாறுதான் என்று எண்ணிக் கழுத்துக்கு எக்ஸ்ரே எழுதிக்கொடுக்கும் பழக்கம் எங்கள் துறையிலும் இருக்கிறது. அதுவும் மாற வேண்டும்.

குமிழை உள்ளங்கைக் குழியில் வைத்து, கட்டைவிரலை உளியோடு நீட்டிப் பாருங்கள். உளியின் முனை கட்டைவிரல் நுனியைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நின்றால் போதும். தீட்டத் தீட்ட உளி குறுகும் என்பதால், ஓராண்டுக்கு முன் சரியாக இருந்த அளவு இன்று சரியாக இருக்காது. ஓர் உருண்டை களிமண்ணை வேலை செய்யும் நிலையிலேயே உள்ளங்கையில் அழுத்தி, அந்த வடிவத்தைக் கடைசல் பட்டறையில் காட்டி, வேம்பிலோ பூவரசிலோ கடைந்து வாங்குங்கள். அடிப்பக்கத்தை அரத்தால் தட்டையாக்கினால், தகட்டில் பிடி இடிக்காது. மணிக்கட்டை வளைக்கவும் தேவையிருக்காது. வழுவழுப்பான வார்னிஷ் வேண்டாம், அது வழுக்குவதால் கை இன்னும் இறுகும். ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். இழைக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். உளியின் காம்பைப் பிடிக்குள் இறக்க, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியல் இருக்கிறது. உள்ளங்கையால் குத்தாதீர்கள், அங்கே இரத்தக்குழாயும் ஓடுகிறது.

அப்பா பிடித்த பிடி என்று சிலர் மாற்ற மறுக்கிறார்கள். அவர் கை வேறு, உங்கள் கை வேறு. அதை ஆயுத பூஜைக்கு வைத்து வணங்குங்கள், வேலைக்கு உங்கள் அளவில் ஒன்று செய்துகொள்ளுங்கள். பட்டறை நடத்துகிறவர்களும் ஒரே பிடியை நால்வருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள்.

சுண்டுவிரல் ஒரு வாரத்துக்கு மேல் மரத்திருந்தால், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ அருகிலுள்ள நரம்பியல் மருத்துவரிடமோ காட்டி, நரம்பு வழியே மின்துடிப்பு சரியாகச் செல்கிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சதை வற்றிய பிறகு வருபவருக்கு முழு வலிமையும் திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடிவதில்லை. வரும்போது உளியையும் அதன் பிடியோடு எடுத்து வாருங்கள்.