கல்லுக்கு வயது தெரியாது, விட்டத்துக்குத் தெரியும்

இங்கிலாந்தின் பழைய கல் வீடுகளில் ‘இந்தச் சுவர் 13-ஆம் நூற்றாண்டு, அந்த ஜன்னல் 19-ஆம் நூற்றாண்டு’ என்று பிரித்துச் சொல்கிறார்களே, எல்லாம் ஒரே கல்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

வில்ட்ஷயரில் உள்ள லேகாக் அபேயை எடுத்துக்கொள்வோம். 1232-இல் கன்னியர் மடமாகத் தொடங்கியது. எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோது, 1539-இல் இதையும் மூடினார்கள். வில்லியம் ஷாரிங்டன் வாங்கி, தேவாலயத்தை இடித்துவிட்டு மீதியை வீடாக்கிக்கொண்டார். தேவாலயத்தின் வடக்குச் சுவர் மட்டும் தப்பித்து, வீட்டின் தெற்குச் சுவராகிவிட்டது.

இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் 16 கோடி ஆண்டுக்கு மேல் பழையது. அதன் வயதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சுவரில் முதலில் தேட வேண்டியது ஒட்டுப்போட்ட இடத்தை. ஒரே சமயத்தில் கட்டிய சுவரில் கற்கள் ஒன்றையொன்று மாறி மாறிக் கவ்வி நிற்கும். மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோடு ஓடினால், ஒரு பக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. எது முந்தி, எது பிந்தி என்பது தெரிந்துவிடும். ஆண்டு தெரியாது.

அதற்குக் கூரையைத் தாங்கும் மர உத்தரங்களை, அதாவது விட்டங்களை, ஏறிப் பார்க்க வேண்டும். ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும், நல்ல ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் ஒல்லியாக. ஒரு வட்டாரத்து மரங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே மழையையும் வெயிலையும் பார்த்தவை. அதனால் இன்று வெட்டிய மரத்தின் உள்வளையங்கள் பழைய விட்டம் ஒன்றின் வெளிவளையங்களோடு பொருந்தும். அந்த விட்டத்தின் உள்வளையங்கள் அதைவிடப் பழையதோடு பொருந்தும். இப்படிக் கோத்துக்கொண்டே போய், அயர்லாந்து ஓக்கில் 7,000 ஆண்டுக்கும் மேல் தொட்டுவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். வசந்தத்தில் ஓக் முதலில் பெரிய பெரிய துளைகளை வரிசையாகப் போடும், கோடையில் நெருக்கமான கட்டையைப் போடும். பட்டையை ஒட்டிய கடைசி வளையத்தில் துளை வரிசை மட்டும் இருந்தால் மரம் வசந்தத்தில் சாய்ந்தது. வளையம் முழுமையாக இருந்தால் குளிர்காலத்தில். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது என்பதால் தச்சர்கள் பச்சையாகவே வேலை செய்தார்கள். ஆக, வெட்டிய பருவம் தெரிந்தால் கூரை போட்ட காலமும் கிட்டத்தட்டத் தெரிந்த மாதிரிதான். (பச்சை மரம் கூரையிலேயே காய்ந்து சுருங்கி முறுகும். மாளிகைப் பேய்களில் பாதி இந்தச் சத்தத்தில் பிறந்தவை என்பது என் கட்சி.) ஆனால் விட்டத்தில் காரணமில்லாமல் பழைய பொருத்துக் குழிகள் இருந்தால் உஷார்! அது வேறு கட்டடத்தில் இருந்துவிட்டு வந்த மரம்.

லேகாக்கின் ஒரு ஜன்னலுக்கு மட்டும் இதெல்லாம் தேவைப்படவில்லை. பின்னாளில் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான, புகைப்படக் கலையின் முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1830 வாக்கில் அந்தத் தெற்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் ஜன்னல்களை வைத்தார். 1835 ஆகஸ்டில் அதில் ஒன்றைச் சிறு பெட்டிக் கேமராவால் படம் பிடித்தார். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான். தபால் தலை அளவுகூட இருக்குமோ என்னவோ, அதில் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ண முடிந்ததாம்.