செபமாலைப் பெட்டியில் இருந்த மாத்திரைகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீடு. கட்டிலின் தலைமாட்டில் கொச்சிக்கடை அந்தோனியார் படம், அதன் கீழே சின்னத் தகரப் பெட்டி. செபமாலையை எடுத்துத் தரும்படி அன்ரி கேட்டார். திறந்தேன். செபமாலைக்கு அடியில், கடதாசித் துண்டில் மடித்து வைத்த, வலி தணிக்கும் மோர்பின் மாத்திரைகள் பதினொன்று.

மகளிடம் "போட்டுவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, எலும்பு வரை பரவிய புற்றுநோயின் வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கியிருக்கிறார். தலையணை உறையின் ஓரம் கடிபட்டு நைந்திருந்தது.

"ஆண்டவரே சிலுவையடியில் கொடுத்ததை வாங்கிக் குடிக்கவில்லையே, மிஸ்" என்றார்.

வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பராமரிக்கும் தாதி நான். கொழும்பில் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் இதையே வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். "விசுவாசம் இருந்தால் வலி தெரியாது" என்று பார்க்க வந்த யாரோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்றிலிருந்து வலியோடு குற்றவுணர்வும் அதே கட்டிலில் படுத்துக்கொள்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

அன்ரி சொன்னது உண்மை. வலியை மரக்கச் செய்யும் என்று கருதப்பட்ட, வெள்ளைப்போளம் என்ற பிசின் கலந்த திராட்சை இரசத்தை இயேசு ஏற்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். ஆனால் யோவான் நற்செய்தியில் அதே இயேசு தாகமாயிருக்கிறது என்கிறார். கடற்பஞ்சில் தோய்த்து நீட்டியதைப் பெற்றுக்கொள்கிறார். சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் இயேசுவின் சிலுவையைச் சுமக்கச் சிரேன் ஊர்ச் சீமோன் தோள் கொடுக்கிறார். தவக்காலம் தோறும் அங்கே முழந்தாளிடும் நாம், நம் முறை வரும்போது மட்டும் தோள் கொடுப்பவரை ஏன் தள்ளிவிடுகிறோம்? பவுலும் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, பலவீனத்தில்தான் என் வல்லமை நிறைவாகும் என்று ஆண்டவரின் பதில் கிடைத்தது. அந்தப் பதில் கேட்டவருக்குத்தான் கிடைத்தது, வலியை மறைத்தவருக்கு அல்ல.

1967இல் இலண்டனில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்தே வலிக்கின்றன என்று கற்பித்த அவர்தான், வலி ஏறும்வரை காத்திராமல் நேரத்துக்கு மோர்பின் கொடுக்கவும் வற்புறுத்தினார். வைத்தியர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்கு எடுப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் வரலாம். மலச்சிக்கல் அநேகமாக வரும். அதற்கும் மருந்து சேர்த்தே தருவார்கள்.

வீட்டாருக்கு ஒன்று: தவறவிட்ட வேளைகளை மறைக்காதீர்கள். மாத்திரை போட்டும் வலி குறையவில்லை என்று நினைத்து வைத்தியர் அளவைக் கூட்டிவிடுவார். பிறகு ஒருநாள் அந்தக் கூட்டிய அளவை அப்படியே போட்டால் மூச்சுக்கே ஆபத்து. அதனால்தான் அன்று நான் பெட்டியை மூடிவிட்டு முதலில் வைத்தியரை அழைத்தேன். குறைந்த அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனேன். அதுவரை செபமாலையின் முதல் பத்து மணிகளைத் தாண்ட முடியாதிருந்தவர், மகளின் மார்பில் சாய்ந்தபடி நான்காவது பத்தில் இருந்தார். நடுவில் நிறுத்தினார்.

"என்னால் முடியவில்லை, மகள். நீ சொல்லு."

மகள் மணியை வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.